திரைக்குக் கீழே ஒரு சாண்

இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் கடுக்க நின்றுகொண்டு கேட்கிற கதையில்லை இது. ஒரு திரையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பழைய படுக்கை விரிப்புகளில் தைத்த திரைதான், பட்டும் இல்லை, சரிகையும் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு பெண்ணைப் படுக்க வைத்தார்கள். பிறகு அந்தத் திரை இருந்ததே அவள் குற்றம் என்றார்கள். எப்படி என்று கேளுங்கள், சொல்கிறேன்.

அன்றைக்குக் காலையில் அந்த வீட்டில் தையல் இயந்திரம் ஒன்றுதான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. மாமியார் மிதித்துக்கொண்டிருந்தாள். மூத்த மகன் கூடத்தின் நடுவில் நின்று, ரைபிள் கிளப்பிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டினார். இளைய மகன் சன்னலோரம் உட்கார்ந்து ஒரு துப்பாக்கிக் குழலுக்குள் துணியை விட்டு இழுத்துக்கொண்டிருந்தான். எப்போதோ சுத்தமாகிவிட்ட குழல். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஏதாவது வேலை வேண்டுமே! அவன் மனைவி அடுப்படி வாசலில் ஈரக்கையோடு நின்றாள்.

"'போட்டியில் கலந்துகொள்ளும் பெண் உறுப்பினர், ஒழுக்கம் கருதி, மூன்று பக்கமும் திரை கட்டிய இடத்தில் மட்டுமே படுத்துச் சுட வேண்டும். திரையை அவருடைய குடும்பத்தாரே கொண்டுவர வேண்டும். கணவரின் சம்மதக் கையெழுத்து அவசியம்.' காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு மாமா. பெண் உறுப்பினர்னு அங்க நான் ஒருத்திதானே இருக்கேன். நேரா என் பேரையே போட்டிருக்கலாமே."

"வாயைப் பாரு! இருபது ஆம்பளைங்களுக்கு நடுவுல ஒரு பொம்பளை குப்புறப் படுப்பாளாம், அதை எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கணுமாம். குடும்ப மானம் போயிடக் கூடாதேன்னு நான்தான் கமிட்டியில கெஞ்சி இந்த ஏற்பாட்டை வாங்கினேன். டேய், நீ என்ன சொல்றே?"

தம்பி குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தான். "நீங்க சொன்னா சரிதாண்ணே."

மாமியார் மிதிப்பதை நிறுத்தினாள். "விரிப்பு பத்தாதுடா. கீழ ஒரு சாண் குறையும்."

"குறைஞ்சா குறையட்டும்மா. ஒரு சாண்ல யாரு எதைப் பாக்கப் போறா?" என்று சிரித்துவிட்டு மூத்தவர் கிளம்பினார்.

இயந்திரம் மறுபடியும் ஓடியது.

அந்தப் பெண்ணுக்குக் கிளப்பில் அட்டைக்காரி என்று பேர். பதினோரு வருடமாக அவள் வேலை அதுதான். காலையில் வெற்று அட்டைகளைப் பசை தடவிப் பலகைகளில் ஒட்டுவாள். ஒரு அட்டையில் பத்துக் கறுப்பு வட்டம், வட்டத்துக்கு ஒரு தோட்டா. சாயங்காலம் அட்டைகளைப் பிய்த்துக்கொண்டு வந்து துளைகளை எண்ணி, எண்களை எழுதி வைப்பாள். துளையைப் பார்த்தே ஆளைச் சொல்லுவாள். இவர் மூச்சை ரொம்ப நேரம் அடக்குகிறார், இவர் விசையை அழுத்தாமல் வெடுக்கென்று இழுக்கிறார், இவருக்கு வீட்டில் சண்டை, எல்லாம் அந்த அட்டையில் இருக்கும். மூத்தவருடைய அட்டையும் அவளுக்கு மனப்பாடம். போட்டியின் நாற்பதில் முதல் முப்பது தோட்டா அழகாக விழும். கடைசியில் அவசரம் வந்துவிடும். கீழே, இடப்பக்கமாக இறங்கும்.

அவள் புருஷன் அதே கிளப்பில் துப்பாக்கி பழுது பார்ப்பவன். கை சுத்தம், ஆனால் கண் போய்விட்டது. ஐந்தாறு வருடமாக வலது கண்ணில் வெள்ளை படர்ந்து, தூரத்தில் இருப்பதெல்லாம் பால் ஊற்றிய மாதிரி தெரியும். வெளியே சொன்னால் வேலை போகும். பழுது பார்த்த துப்பாக்கியைச் சுட்டுச் சரிபார்த்து, அந்தச் சோதனை அட்டையை நூலால் துப்பாக்கியில் கட்டித் தர வேண்டும்; சரிபார்த்தவன் கையெழுத்து இல்லாத துப்பாக்கியை எந்தப் போட்டியிலும் உள்ளே விடமாட்டார்கள். அதனால் கிளப் பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் அவள் போய்ப் படுத்துச் சுடுவாள். குறி பார்க்கிற வளையத்தின் திருகை அரைக்கால் திருப்புவாள், மறுபடியும் சுடுவாள். அட்டையில் அவன் கையெழுத்துப் போடுவான். வாங்கிக்கொண்டு போகிறவர்கள், "என்ன கைய்யா உனக்கு!" என்று அவன் தோளைத் தட்டுவார்கள். அவன் தலையை ஆட்டிக்கொள்வான். அவள் பசை வாளியோடு அந்தப் பக்கமாகப் போவாள்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தவள் ஒருநாள் நின்றாள். கிளப் தலைவரான பல் டாக்டரிடம் போய், "ஐயா, நானும் போட்டியில சுடலாமா?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அதில் உறுப்பினர் என்றுதான் இருந்தது. ஆண் என்று எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. நாற்காலி மேசை உறுப்பினராகச் சேரக் கூடாது என்று யாராவது எழுதி வைப்பார்களா? மூன்று வருடம் இழுத்தடித்தார்கள். அவள் மாதம் தவறாமல் மனுப் போட்டாள். நாலாவது வருடம், வேறு வழியில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தப் போட்டியில் முதல் நாலு பேர் நாட்டின் பெரிய போட்டிக்குப் போகலாம். அங்கே அதுவரைக்கும் ஒரு பெண்ணும் துப்பாக்கியோடு படுத்ததில்லை. நாலாவது இடத்தில் ஐந்து வருடமாக உட்கார்ந்திருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மூத்தவரேதான். குடும்ப மானம் என்று அவர் சொன்னதன் அளவு உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

போட்டிக்கு முந்தின திங்கட்கிழமை அவர் துப்பாக்கியும் பழுதுக்கு வந்தது. அவள்தான் அதையும் சுட்டுச் சரிபார்த்தாள்.

துடைத்து உறையில் போடும்போது மாமியார் பக்கத்தில் வந்து நின்றாள். "திருகை ஒரு பல்லு அந்தப் பக்கம் தள்ளினா என்ன ஆகும்டி?"

"எல்லாத் தோட்டாவும் தள்ளிப்போய் விழும் அத்தை."

"தள்ளினியா?"

"இல்லை."

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பொழைக்கத் தெரியாதவ," என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள். அதில் திட்டு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

போட்டியன்று அவளுக்கு வலது கோடியில் கடைசி இடம் கொடுத்தார்கள். நாலு கம்பு நிறுத்தி, திரையைக் கட்டினார்கள். இடப்பக்கம், வலப்பக்கம், கால்மாட்டில். எதிரே மட்டும் திறப்பு, ஐம்பது மீட்டருக்கு அப்பால் அட்டை. புருஷனுடைய பழைய தோல் கோட்டைக் கை சுருக்கித் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். படுத்து, துப்பாக்கியின் வாரை இடது கையில் இறுக்கி, கன்னத்தைக் கட்டையில் வைத்த பிறகுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது.

காற்றைக் காட்டுகிற சின்னக் கொடிகள் எல்லாம் திடலின் இடது ஓரத்தில் இருந்தன. திரை அவற்றை மறைத்துவிட்டது.

இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், கண்ணுகளா. தோட்டா சின்னது. இடமிருந்து ஒரு காற்று அடித்தால் வலப்பக்கம் ஒதுங்கிவிடும். கொடி அசைகிறதா, எந்தப் பக்கம், எவ்வளவு என்று பார்த்துத்தான் சுடுகிறவர்கள் காத்திருப்பார்கள். கொடி தெரியாமல் சுடுவது, காதைப் பொத்திக்கொண்டு பேச்சுக்குப் பதில் சொல்வது மாதிரி. அடுத்த இடங்களில் படுத்திருந்தவர்களுக்குக் கொடி தெரிந்தது. அவளுக்குத் தெரிந்தது மாமியாருடைய பழைய விரிப்பில் வெளுத்துப்போன நீலக் கோடுகள்தான்.

முதல் தோட்டா வலப்பக்கம் போய் எட்டில் விழுந்தது. இரண்டாவதும் எட்டு.

அவள் துப்பாக்கியை இறக்கி நெற்றியைத் தரையில் வைத்தாள். திரைக்குள் வெயில் கொதித்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. அடுத்த இடத்திலிருந்து யாரோ, "என்னம்மா, உள்ளே சமையலா? புகை வரலையே!" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். மூத்தவர் குரலும் அதில் இருந்தது.

நெற்றியைத் தரையில் வைத்திருந்தபோதுதான் முகத்தில் லேசாகக் குளிர்ச்சி பட்டது. கண்ணைத் திருப்பினாள். திரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. சிமெண்டுத் தரை முடிகிற இடத்தில் புல் முளைத்திருந்தது. புல்லின் நுனி எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தாள். மெல்ல நிமிர்ந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் நேராக நின்றது. மறுபடியும் சாய்ந்தது.

அவ்வளவு போதும் அவளுக்கு. புல் சாய்ந்தால் காத்திருந்தாள். புல் நிமிர்ந்தால் சுட்டாள். மற்றவர்கள் முடித்து எழுந்து கோட்டைக் கழற்றித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். திரைக்குள்ளிருந்து மட்டும் நின்று நின்று சத்தம் வந்துகொண்டிருந்தது. நாற்பதாவது தோட்டா போனபோது நேரம் முடிய அரை நிமிடம் இருந்தது.

அன்றைக்கு அவள் அட்டையை அவள் எண்ணக் கூடாது. பல் டாக்டரும் கிளப் எழுத்தரும் எண்ணினார்கள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக எண்ணுகிற மேசைக்கு இந்தப் பக்கம் வெறுங்கையோடு நின்றாள். ஒரு துளை சந்தேகம். நடு வட்டத்தின் கோட்டைத் தொட்டிருந்தால் பத்து, இல்லையென்றால் ஒன்பது. துளைக்குள் பித்தளைக் குச்சியை விட்டுப் பார்ப்பது வழக்கம். விட்டார்கள். தொட்டது. "இன்னொரு தடவை பாருங்க," என்றார் மூத்தவர். தொட்டது. "குச்சி கோணலா இருக்கு." வேறு குச்சி கொண்டுவந்தார்கள். அதுவும் தொட்டது.

நானூற்றுக்கு அவளுக்கு முன்னூற்றுத் தொண்ணூற்றொன்று. நாலாவது இடம். மூத்தவருக்கு முன்னூற்றுத் தொண்ணூறு. அவருடைய கடைசி மூன்று தோட்டாவும் கீழே இடப்பக்கமாக இறங்கியிருந்தன. யார் சொல்லியும் தெரிய வேண்டியதில்லை அவளுக்கு.

மறுநாள் மத்தியானம் கமிட்டி கூடியது. மூத்தவர் புகார் எழுதிக் கொடுத்திருந்தார். அவள் பசை வாளியோடு கதவோரம் நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"நாங்க எல்லாரும் வெட்டவெளியில காத்துல கிடந்து சுட்டோம்," என்றார் மூத்தவர். "அந்தம்மா மூணு பக்கமும் அடைப்புக் கட்டிக்கிட்டு, வீட்டுக்குள்ள படுத்த மாதிரி சுட்டிருக்காங்க. காத்தே படலை. இது நியாயமா?"

பல் டாக்டர் தாடையைத் தடவினார். "திரையை நாமதானேய்யா கட்டச் சொன்னோம்?"

"ஒழுக்கத்துக்குச் சொன்னோம். லாபத்துக்குச் சொல்லலையே!"

அவளால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, திரை என் முழங்கை வரைக்கும்தான் இருந்துச்சு. தோட்டா அதுக்கப்புறம் அம்பது மீட்டர் காத்துலதான் போச்சு. எனக்குக் கொடியே தெரியலை."

"கொடி தெரியாமலா இத்தனை பத்து விழுந்துச்சு? கேட்டுக்கங்க!" என்றார் மூத்தவர். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவர் தம்பி பக்கம் திரும்பினார். "துப்பாக்கி விஷயம் தெரிஞ்சவன் இவன். கட்டின புருஷன் வேற. இவன் சொல்லட்டும். திரை இருந்தா காத்து தடுக்குமா, தடுக்காதா?"

அவளும் திரும்பினாள். அவனுக்குத் தெரியும். அந்த அறையில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். ஆறு வருடமாக அவள் சுட்ட அட்டைகளில் கையெழுத்துப் போட்டவன். அவன் அண்ணனைப் பார்த்தான். சுவரில் வரிசையாக மாட்டியிருந்த துப்பாக்கிகளைப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை, ஒவ்வொரு அட்டையிலும் அவன் பெயர். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"கொஞ்சம்... தடுக்கலாம்ணே."

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தான். கையெழுத்துப் போட்டான். அவள் மதிப்பெண் ரத்து ஆயிற்று. நாலாவது இடம் வழக்கம்போல் மூத்தவருக்கு. எதற்கும் இருக்கட்டும் என்று கமிட்டி புதிதாக ஒரு விதியும் எழுதியது. போட்டியில் பெண்கள் திரைக்குள் படுத்துச் சுடக் கூடாது, அது மற்றவர்களுக்கு அநீதி. திரையில்லாமலும் சுடக் கூடாது, அது ஒழுக்கக் கேடு. இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார்கள். எழுதிய எழுத்தருக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டவர்களுக்கும் வரவில்லை.

வீட்டில் அவன் சாப்பாட்டை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். "அண்ணன் இல்லேன்னா எனக்கு அங்க வேலை ஏது சொல்லு. என் கண்ணு விஷயம் அவருக்குத் தெரியும், இடது கண்ணால நானே சுட்டுச் சமாளிக்கறேன்னு நினைக்கிறாரு. வெளியே சொன்னாருன்னா..."

"நான் ஒண்ணும் கேக்கலையே," என்றாள் அவள்.

"கேட்டாக்கூடத் தேவலை."

அவள் கேட்கவில்லை. திரையைக் கொண்டுவந்து மூலையில் போட்டிருந்தாள். மாமியார் அதை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு கத்தரிக்கோலின் நுனியால் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். டப், டப் என்று நூல் அறுந்தது.

"எதுக்கு அத்தை?"

"தைச்ச கைக்குப் பிரிக்கத் தெரியாதா? தள்ளு." கொஞ்ச நேரம் பிரித்தாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள்: "விரிப்பு பத்தலைன்னு அன்னிக்கு உன் மாமன்கிட்டச் சொன்னேன் பாரு. பெட்டியில இன்னொண்ணு மடிப்புக் கலையாம இருக்கு."

அவள் மாமியாரையே பார்த்தாள்.

"வெயில்ல மூச்சு முட்டிச் சாவியேன்னு ஒரு சாண் விட்டேன். வேற ஒண்ணுமில்லை. வாயைப் பொளக்காதே, போய்ச் சாப்பிடு."

அவள் அடுப்படிக்குப் போய், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே அழுதாள். போட்டியில் அழவில்லை, கமிட்டியில் அழவில்லை. அங்கே அழுதாள்.

ஒரு வாரம் போனது. சனிக்கிழமை காலையில் மூத்தவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தம்பி மேசைமேல் வைத்தார். அட்டைக்காரி அங்கேயே நின்றாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"பெரிய போட்டிடா. நம்ம குடும்பத்துக்கே பெருமை. நல்லாப் பாத்து, சுட்டுச் சரிபண்ணி அட்டை கட்டி வை. செவ்வாய்க்கிழமை கிளப்புல வாங்கிக்கறேன். கையெழுத்தில்லாம அங்க உள்ளயே விடமாட்டாங்க, தெரியுமில்ல?"

"சரிண்ணே," என்றான் தம்பி. அவர் போன பிறகு மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள், "பாத்துத் தரேன். என் வேலைதானே," என்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள்.

அவள் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் ஞாயிறு. கிளப்பில் எல்லா ஆண்களும் இருந்தார்கள். நாலு பேர் பெரிய போட்டிக்குப் போவதற்காகத் தேநீரும் வாழ்த்துமாக இருந்தது. அட்டைக்காரி திடலுக்குள் வந்தாள். தானே போய் ஒரு வெற்று அட்டையை ஒட்டிவிட்டுத் திரும்பினாள். கடைசி இடத்துக்குப் போகவில்லை. நட்ட நடு இடத்தில், பிரித்த விரிப்பை நாலாக மடித்துத் தரையில் போட்டாள். வெளுத்த நீலக் கோடுகள் மேலே தெரிந்தன. தோல் கோட்டை மாட்டி, எல்லார் கண்ணுக்கும் எதிரே, குப்புறப் படுத்தாள்.

தேநீர்க் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன.

பல் டாக்டர் ஓடி வந்தார். "என்னம்மா இது! விதி எழுதி மை காயலை!"

"விதி போட்டிக்குத்தானேங்க ஐயா. இது போட்டி இல்லை, வேலை. மாமாவோட துப்பாக்கியைச் சுட்டுச் சரிபார்க்கறேன். வேலைக்குத் திரை கட்டணும்னு புத்தகத்துல எங்கேயாவது இருக்கா?"

டாக்டர் மூத்தவரைப் பார்த்தார். மூத்தவர் தம்பியைப் பார்த்தார். "டேய், இவ ஏன்டா சுடறா? நீதானே..."

தம்பியின் வெள்ளை படர்ந்த கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவன் அதைத் துடைப்பதற்குள் முதல் சத்தம் கேட்டுவிட்டது.

இங்கே படுத்தால் கொடிகள் எல்லாம் தெரிந்தன. அவள் அவசரப்படவில்லை. பத்து வட்டம், பத்துத் தோட்டா. அவள் எழுந்து, புழுதியைத் தட்டிக்கொண்டு, ஐம்பது மீட்டரும் நடந்து போய் அட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வட்டத்துக்கும் சரியாக நடுவில் ஒரு துளை. எண்ணுகிறதுக்கு ஒன்றும் இல்லை. குச்சி விட்டுப் பார்க்கவும் ஒன்றும் இல்லை.

புருஷன் பக்கத்தில் வந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். "குடு... நான் கையெழுத்துப் போடறேன்."

"வேணாங்க. நீங்கதான் ஏற்கனவே ஒண்ணு போட்டீங்களே."

பேனாவை மட்டும் அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அட்டையின் அடியில், சரிபார்த்தவர் என்று அச்சடித்த இடத்தில், தன் பெயரை எழுதினாள். எழுத்துக் கூட்டி எழுதுகிற பிள்ளை மாதிரி, முழுப் பெயரையும், நிதானமாக. நூலால் துப்பாக்கியில் கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டு, மூத்தவரிடம் நீட்டினாள்.

"குறி நேரா இருக்கு மாமா. கடைசி மூணு தோட்டாவுக்கு மட்டும் அவசரப்படாதீங்க."

அவர் கை நூலைப் பிய்க்கப் போனது. பிய்த்தால் அங்கே உள்ளே விடமாட்டார்கள். வேறு யார் சுட்டுச் சரிபார்ப்பது? சுவரில் தொங்கிய துப்பாக்கிகளை எல்லாம் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள், முதல் தடவை பார்ப்பது போல. மூத்தவர் கையை இறக்கிக்கொண்டார்.

அந்தக் கிளப்பிலிருந்து அவளை ஒருநாளும் போட்டிக்கு அனுப்பவில்லை, கண்ணுகளா. அந்த விதியை யாரும் அடிக்கவும் இல்லை. மூத்தவர்தான் போனார். அவள் பெயர் தொங்குகிற துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரயிலேறிப் போனார். பெரிய போட்டியின் வாசலில் இருந்த அதிகாரி அட்டையைத் தூக்கிப் பார்த்து அந்தப் பெயரைச் சத்தமாக வாசித்தாராம். "யாருங்க இது? அருமையா சுட்டிருக்காங்களே. அவங்க வரலையா?" என்று கேட்டாராம்.

மூத்தவர் என்ன பதில் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது.

சரி, எழுந்திருங்கள், உங்களுக்கும் வீட்டில் வேலை காத்திருக்கும். உங்கள் வீட்டுப் பெண்கள் செய்கிற வேலையில் அவர்கள் பெயரே இருக்கட்டும். உங்கள் வீட்டுத் திரைகள் வெயிலை மட்டும் மறைக்கட்டும். நிறைவாக இருங்கள், என் செல்வங்களே.